மூட்டையில் அடைத்த கடல்மீன்

நாய்ப் பீயில்தான் இதை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். அதைத் தினமும் அள்ளியவள் நான். படிக்கிறவர்களுக்கு என்ன கேடு?

ஒரு கிண்ணம் தீனி தின்றால் ஒரு முறம் போகும். மஞ்சளாக, பொங்கிப்போய், ஈரமாக, தோட்டத்துப் புல்லெல்லாம் கிடக்கும். காய்ந்த பிறகு குச்சியால் குத்தினால் உமி மாதிரி உதிரும். தின்றது உடம்பில் ஒட்டாமல், வாய் வழியே உள்ளே போய்ப் பின்னால் வெளியே வந்து, நடுவில் நாய் என்ற ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்த மாதிரி இருக்கும். அள்ளி அள்ளி எனக்கு வாந்தி வரும். அதைவிட அதிகமாகக் கோபம் வரும்.

நாய் என் அண்ணனுடையது. அண்ணனுக்கு இரண்டு விசைப்படகுகள். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியுமுன் கடலுக்குப் போய் அன்றைக்கே திரும்புகிறவை. அந்த வருமானத்தில் கடற்கரைத் தெருவை விட்டு மேற்கே தள்ளி, தரையெல்லாம் வழுவழுவென்று பளிங்கு போட்டு ஒரு வீடு கட்டினான். கணவனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் நின்ற எனக்கு அந்த வீட்டில் ஓர் அறை கொடுத்தான். அதில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். துறைமுகச் சாலையில் சரக்கு கிளியரன்ஸ் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. அறை எனக்கு, குசினி மதினிக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது.

வீடு கட்டியதும் கார் வந்தது. கார் வந்ததும் நாய் வந்தது. லேப்ரடார் குட்டி, வெண்ணெய் நிறம். அதற்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்தார்கள். நான் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏலே" என்றால் ஓடி வரும். வளர்த்தது நான்தானே. அண்ணனுக்குக் கடலும் ஏலமும். மதினிக்கு நாய் என்றால் படம் எடுத்துப் போடுவதற்கு.

முதல் நாளே சண்டை. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு வந்ததும், மீனை ஏலத்துக்குக் கொண்டுபோகுமுன், வேலைக்குப் போனவர்கள் வீட்டுக் கறிக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் ஒதுக்கிக்கொள்வார்கள். படகு ஓனர் வீட்டுக்கும் ஒரு பை வரும். நல்ல விளமீன், சில நாள் பாறை, ஒன்றுமில்லாவிட்டால் சாளை. தலைகளை அவித்துக் குட்டிக்கு வைக்கலாமே என்று நான் சட்டியை எடுத்தேன்.

"ஏளா, ஜாதி நாய்க்கு யாராவது மீன் தலையப் போடுவாங்களா?" என்றான் அண்ணன். "அதுக்குன்னு கம்பெனிச் சாப்பாடு இருக்கு. டாக்டருங்களா சேந்து செய்யுதது."

"நாய் கவிச்சி அடிச்சா வீடே கவிச்சி அடிக்கும்," என்றாள் மதினி. "வாரவங்க மூக்கப் பொத்திக்கிட்டு, மீன்காரங்க வீடுன்னு சொல்லிட்டுப் போவாங்க."

மீன்காரர் வீடு இல்லாமல் பின்னே கலெக்டர் பங்களாவா இது? தரையில் போட்ட கல் ஒவ்வொன்றும் மீன் விற்ற காசு. ஆனால் மதினி மீன் தலைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, அதை இன்னொரு பையில் போட்டு முடிந்து, குப்பை வண்டி வரும்வரை வாசலுக்கு வெளியே வைப்பாள். உள்ளே நாய்க்கு மூட்டை பிரியும். மூட்டையின் மேல் ஒரு பெரிய மீன் துள்ளிக்கொண்டிருக்கும் படம். பக்கத்தில் 'கடல்மீன் சுவை' என்று போட்டிருக்கும். கடலைத் தின்று வளர்ந்த குடும்பம், கடல்மீன் சுவையை மூட்டையில் வாங்கி நாய்க்குப் போட்ட கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

குட்டியாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வளர வளரத்தான் ஆரம்பித்தது. முதலில் காது. காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பழுப்பாகப் பிசின், புளித்துக் கெட்ட மாவு வாடை. பிறகு பாதங்களை நக்கி நக்கிச் சிவந்துபோனது. பிறகு வயிற்றில் முடி உதிர்ந்தது. தோல் யானைத்தோல் மாதிரி கறுத்துத் தடித்து, சொறிந்த இடமெல்லாம் நீர் கசிந்தது. பகல் முழுவதும் பின்னங்காலால் பரக் பரக்கென்று சொறியும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நமக்கு உடம்பெல்லாம் அரிக்கும். மீன் வாடை வரக்கூடாது என்று வளர்த்த நாய், கூடத்தில் வந்து படுத்தால் ஆட்கள் எழுந்து போகிற மாதிரி நாறியது.

மதினி ஷாம்பூ வாங்கினாள். விலை கூடின ஷாம்பூ. பிறகு விலை கூடின மூட்டை. அதன் மேல் மீனோடு ஒரு கேரட்டும் இருந்தது.

ஓர் அரைநாள் லீவு போட்டு நானே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினார். டாக்டர் சின்ன வயதுப் பெண். காதைப் பார்த்தாள், தோலைப் பார்த்தாள், ஆசனவாயைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"என்ன சாப்பாடு?"

செல்போனில் மூட்டையின் படத்தைக் காட்டினேன். பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

"முதல்ல கோழின்னு போட்டிருக்கா? அது தண்ணியோட நிறுத்த பச்சைக் கோழி. வேக வச்சு உலர்த்தினா எவ்வளவு மிஞ்சும்னு நீங்களே யோசிங்க. அப்புறம் பாருங்க. சோளம்னு ஒரு இடத்துல, சோள மாவுன்னு ஒரு இடத்துல, சோளப் புரதம்னு ஒரு இடத்துல. மூணும் ஒரே சோளம்தான்மா. சேத்துச் சொன்னா சோளம் முதல்ல வந்துரும்னு பிரிச்சுப் போட்டிருக்காங்க. பிறகு கோதுமைத் தவிடு, சோயாப் பிண்ணாக்கு. இதையெல்லாம் பில்லர்னு சொல்லுவோம். மூட்டையை ரொப்புறதுக்கு."

"அப்போ கடல்மீன்?"

"சுவைன்னுதானே போட்டிருக்கான். மீன்னா போட்டிருக்கான்?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் நியாயமாகத்தான் பேசினாள். சோளம் விஷம் இல்லை, எத்தனையோ நாய்கள் அதையே தின்று நன்றாக இருக்கின்றன, எல்லாக் கம்பெனியும் ஒன்று போல இல்லை என்றாள். இந்த நாய்க்குக் கோதுமையோ சோளமோ ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது, நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். நிறுத்தாவிட்டால் தோல் புண்ணாகி, புண் சீழ் வைத்து, நாய் தங்காது என்பதையும் சொன்னாள்.

"என்ன போடட்டும்?"

"தூத்துக்குடில இருந்துக்கிட்டு என்கிட்ட கேக்கீங்களே. சாளைய அவிச்சு, முள்ள எடுத்து, கொஞ்சம் சோத்தோட பிசஞ்சு போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தீனியில் ஒரு பிடி அள்ளி ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். என் ஆத்திரத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. சிவப்பு உருண்டை இறைச்சியாம், பச்சை உருண்டை காய்கறியாம். கொஞ்ச நேரத்தில் சிவப்பும் பச்சையும் தண்ணீரில் கரைந்து ஓடி, அடியில் எல்லாம் ஒரே வெளிறிய மாவாக நின்றது. ஊதி ஊதித் தம்ளர் விளிம்புக்கு வந்துவிட்டது. மேலே எண்ணெய்ப் படலம். மோந்து பார்த்தேன். எங்கள் அலுவலகத்துச் சரக்குக் கிட்டங்கிகளில் மாட்டுத் தீவனத்துக்கான தவிடும் பிண்ணாக்கும் அடுக்கியிருப்பார்கள். மழைத்தண்ணீர் புகுந்துவிட்டால் அங்கே நிற்க முடியாது. அதே வாடை. ஊறாத உருண்டை ஒன்றை வாயில் போட்டு மென்றும் பார்த்தேன். என்னைப் பைத்தியக்காரி என்று சொல்பவர்கள் சொல்லட்டும். முதலில் உப்பு, பிறகு வறட்டு மாவு, கடைசியில் காறிப்போன எண்ணெய் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. துப்பினேன், வாய் கொப்பளித்தேன், பல் தேய்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கடைசிக் கசப்பு எனக்குப் பழக்கமானதுதான். மேலே தெளிக்கிற மீன் எண்ணெய், மீன்மாவு. மீன்மாவு எதில் செய்வார்கள் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? வலையின் அடியில் நசுங்கிக் கூழாகி வரும் பொடி மீனைச் சங்காயம் என்போம். மனுஷன் தின்ன ஆகாது. துறைமுகத்தில் வெயிலில் குவித்துப் போட்டிருப்பார்கள், ஈ மொய்க்கும், புழு நெளியும், அள்ளிக்கொண்டு ஆலைக்குப் போவார்கள். அண்ணனும் அதை விற்பவன்தான். அவன் படகுச் சங்காயமே அந்த மூட்டையில் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வரும் விளமீனின் தலை நாறும் என்று வெளியே வீசிவிட்டு, ஈ மொய்த்த சரக்கின் மாவைச் சோளத்தில் பிசறி, படம் போட்ட பையில் திரும்ப வாங்கி வந்து சுத்தம் என்று சொல்கிறார்களே. தூ!

கொல்லையில் ஒரு கரண்ட் அடுப்பு வைத்தேன். அலுவலகம் விட்டு வரும் வழியில் சாளை வாங்கி வந்து, அவித்து, முள்ளெடுத்துப் போட்டேன். நாய் தின்ற தினுசைப் பார்க்க வேண்டுமே. கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டே தோட்டம் முழுக்கச் சுற்றி வந்தது. ஒரு வாரத்தில் மலம் சுருங்கிக் கெட்டிப்பட்டது. சொறிவது குறைந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது.

மதினிக்கு மூக்கு வந்தது. ஒரு சாயங்காலம் கொல்லைக்கு வந்து, கொதித்துக்கொண்டிருந்த சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, மீனோடு சாக்கடையில் கவிழ்த்தாள்.

"இந்த நாத்தத்துக்குப் பயந்துதானே அந்தத் தெருவ விட்டு வந்தோம்," என்றாள். "நீ இங்கனயும் கொண்டு வாரியே."

அண்ணனிடம் போனேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இப்படியே போட்டால் நாய் செத்துப்போகும் என்று சொன்னேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அவ சொல்லுத மாதிரி செய்யேன். நாயால வீட்டுல சண்ட வேண்டாம்," என்றான். மறுநாளே அடுப்பு காணாமல் போயிற்று. கிண்ணத்தில் மறுபடியும் சிவப்பும் பச்சையும் விழுந்தன. நாய் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும். பசிக்குத் தின்றுதானே ஆகவேண்டும். தின்றது, சொறிந்தது, பேண்டது. வயிறு புண்ணாகி முதுகுக்கும் பரவியது.

மாசி மாசக் கடைசியில் ஆலந்தலையில் சின்னம்மா மகளுக்குக் கல்யாணப் பேச்சு. ஒத்தாசைக்குப் போய்ச் சில நாள் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து கேட்டைத் திறந்து "ஏலே" என்றேன். ஒன்றும் வரவில்லை. தோட்டத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். பினாயில் வாடை.

"நாய எங்க?"

மதினி டிவியைப் பார்த்தாள். அண்ணன்தான் பதில் சொன்னான்.

"ஹார்பர்ல விட்டாச்சு."

இந்த ஊரில் இது புதிதில்லை. ஆசையாக வாங்கிய நாய் கிழமாகிவிட்டாலோ சொறி பிடித்துவிட்டாலோ, காரில் ஏற்றிக்கொண்டு போய் மீன்பிடித் துறைமுகத்தில் இறக்கிவிட்டு வருவார்கள். கொன்ற பாவம் கிடையாது, வளர்க்கிற பாடும் கிடையாது. மனச்சாட்சிக்கு வசதியான இடம். அங்கே கழுத்துப் பட்டையோடு எத்தனை நாய்கள் அலைகின்றன என்று போய்ப் பாருங்கள்.

"சொறி நாய அங்கன விட்டா என்னத்தத் திங்கும், எப்படிப் பொழைக்கும்?" என்று கத்தினேன்.

"ஏன், அங்கன மீன் கெடக்குல்லா," என்றான் என் கூடப்பிறந்தவன். "மீனத் தின்னு நல்லாப் பொழச்சுக்கிடும்."

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு கூச்சம் வேண்டாமா? அப்படி ஒன்றும் இல்லை. சாதாரணமாகச் சொன்னான். இத்தனை மாதமாக எதற்கு அவன் காலில் விழாத குறையாக நின்றேனோ அதை அவன் வாயே சொன்னது, அவன் காதுக்குத்தான் எட்டவில்லை. அவன் கன்னத்தில் அறைய எனக்குக் கை எழும்பியது. அண்ணனாகப் போய்விட்டான். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகவே அழுதேன். கேட்கட்டும் என்றுதான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் லீவு, எங்கள் படகுகளும் கடலுக்குப் போவதில்லை. சர்ச்சில் பூசை முடிந்ததும் துறைமுகத்துக்குப் போய்த் தேடினேன். வரிசை வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகளுக்கு முன்னால் "ஏலே, ஏலே" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தால் ஆம்பிளைகள்தான் திரும்பிப் பார்த்தார்கள். ஞாயிறு ஞாயிறாகப் போனேன். ஒருநாள் மதில் ஓரத்தில் ஒரு வெள்ளை நாய் செத்து ஊதிக் கிடந்தது. காகம் கொத்திக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்க்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அது வேறு நாய்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில் ஆட்கள் பகலெல்லாம் அங்கேயே இருப்பார்கள், யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஒரு மத்தியானம் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு போனேன். அண்ணனின் பெரிய படகு பாதி நீலமும் பாதி துருவுமாக நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில், விரித்த வலையின் மேல், ஒரு நாய் படுத்திருந்தது. வெண்ணெய் நிறம். வயிற்றில் புது முடி, குட்டிக்கு முளைக்கிற மாதிரி மெதுமெதுவென்று.

கூப்பிடக்கூட இல்லை. என் வாடை பட்டதும் எழுந்து ஓடி வந்து என் மேல் தாவிக் கீழே தள்ளிவிட்டது. முகமெல்லாம் நக்கியது. அதன் வாயில் பச்சை மீன் கவிச்சி அடித்தது. ஆசை தீர மோந்தேன்.

படகு டிரைவர் சிரித்துக்கொண்டே வந்தார். அண்ணனிடம் ரொம்ப வருஷமாக வேலை பார்ப்பவர், என்னைத் தங்கச்சி என்பார்.

"ஓனர் வீட்டு நாய்னு எங்களுக்குத் தெரியாதா? இறக்கி விட்ட அன்னைக்கே பிடிச்சுட்டோம். கடலுக்கும் கூடவே வரும். ஞாயித்துக்கிழமை மட்டும் நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அதனால்தான் ஞாயிறுகளில் என் கண்ணில் படவில்லை.

"என்னண்ணே குடுத்தீங்க?"

"என்னத்தக் குடுக்க? எங்களுக்கு ஒதுக்குத கறிமீன்ல ஒரு பங்கு. இப்ப தடை இல்லாத நாட்டுப் படகுல போற பயலுவ சாளை குடுக்கானுவ, அவிச்சுப் போடுதோம்." கொஞ்சம் தயங்கினார். "தங்கச்சி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. ஓனர் வந்தாவன்னா இது வாலாட்டிக்கிட்டுப் பின்னாலயே ஓடும். அவ்வோ திரும்பிப் பாக்க மாட்டாவ. கால்ல உரசுச்சுன்னா தள்ளி விட்டுருவாவ. எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்."

இத்தனை ஞாயிறு நான் நாயாக அலைந்ததை அண்ணன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். தினமும் துறைமுகத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி என் எதிரில் உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. 

ஆட்டோ பிடித்து நாயை ஏற்றினேன். குணமாகிவிட்டது, இனி என்ன சொல்வார்கள் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. கேட்டுக்குள் நுழைந்ததும் அது நேராக அண்ணனிடம்தான் ஓடியது. வெட்கம் கெட்ட ஜென்மம், அதற்கு யார்மேலும் கோபம் கிடையாது.

"ஏலே, நல்லா ஆயிட்டியேலே!" அண்ணன் குனிந்து கழுத்தைத் தடவினான். மெய்யாகவே சந்தோஷப்பட்டான். பிறகு தடவிய கையை மூக்கருகே கொண்டுபோனான். முகம் கோணியது. எழுந்துபோய் வாஷ்பேசினில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினான்.

மதினி உள்ளேயிருந்து வந்தாள். நாயைச் சுற்றி வந்து பார்த்தாள். "முடியெல்லாம் வந்துட்டே. குளிப்பாட்டி உள்ள விடு," என்றாள். அவள் கையில் அந்தப் பழைய கிண்ணம் இருந்தது. சிவப்பும் பச்சையுமாக விளிம்புவரை நிரப்பியிருந்தாள். "பிரிச்ச மூட்ட அப்படியே கெடக்கு. வீணாத்தானே போகுது."

கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். நாய் கிட்டே போய் மோந்து பார்த்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

வெளியே ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, நில்லுங்க" என்று கத்தினேன். நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து ஏறினேன். மதினி பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. வழி முழுக்க அது என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. உப்புக்காற்று பட்டதும் எழுந்து நின்று வாலை ஆட்டியது.

டிரைவர் பெயிண்ட் பிரஷ்ஷோடு திரும்பிப் பார்த்தார். நாய் குதித்து இறங்கி வலையின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

"என்ன தங்கச்சி, உடனே திரும்பக் கொண்டு வந்துட்டீங்க?"

"இங்கனயே இருக்கட்டும்ணே," என்றேன். "எங்க வீட்டுல இதுக்குத் திங்க ஒண்ணும் இல்ல."